பாபா சூட்டில் புகையிலை வாசம்

"ஏங் கண்ணு, பொஸ்தகத்த மூடி வெச்சுப்போட்டுப் பொகையிலைய மோந்துக்கிட்டு உக்காந்திருக்கறயே, இந்த மூக்க வெச்சு உனக்கு எந்த ஆபீஸ்ல சேர் போட்டுக் குடுப்பாங்க?"

எங்கள் வீட்டின் சொந்தக்காரம்மா இப்படிக் கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மூக்குக்குப் பக்கத்தில் ஓர் இலைத் துண்டு இருந்தது. அதிலிருந்து முதலில் வருவது ஈர வைக்கோலின் வாசம். கொஞ்சம் பொறுத்தால் அதற்குப் பின்னாலிருந்து உலர்ந்த திராட்சை எட்டிப் பார்க்கும். இன்னும் பொறுத்தால் மூக்கின் உச்சியில் மிளகு மாதிரி ஒரு குத்தல் ஏறும். அந்தக் குத்தல் வந்த பிறகும் தும்மாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கும் அப்பாவுக்கும் நடுவே இருந்த பந்தயம். சொந்தக்காரம்மாவுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்; தும்மல்தான் வந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். பந்தயத்தில் தோற்ற எரிச்சலில், அந்தக் கேள்வி குத்தலா அக்கறையா என்று அன்று யோசிக்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. திருப்பூரில் ஒரு சின்னப் பனியன் கம்பெனிக்குப் பின்புறம் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்பக்கம் கம்பெனி, நடுவில் தண்ணீர்த்தொட்டியோடு ஒரு முற்றம், பின்பக்கம் 'லைன் வீடு'. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் அந்த அம்மாதான். வாடகைக்கு இருந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் அவரை 'ஓனரக்கா' என்றே கூப்பிட்டோம். உடுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போன காலத்தில் நிலத்தில் பாதியை விற்றுத் தையல் மெஷின் வாங்கிப் போட்டவர்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கி, தைத்து, அயர்ன் செய்து திருப்பிக் கொடுக்கிற வேலை. என் அம்மா அங்கே 'செக்கிங்'. தைத்து வரும் உருப்படிகளை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடத்தையும் ஓட்டையையும் கறையையும் தேடிப் பிடிக்கிற வேலை அது. அப்பா வேறொரு கம்பெனியில் 'பேக்கிங்'. அட்டைப் பெட்டியில் துணியை அடுக்கி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவார். இருவரும் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ரயிலேறி வந்தவர்கள். அம்மா பேருந்தின் எண்ணை மட்டும் படிப்பார். அப்பா பெட்டிகளின் மேல் இருக்கும் எழுத்தைச் சித்திரம் பார்ப்பதுபோலப் பார்த்து அடையாளம் சொல்வார். அவர்கள் இருவரின் வம்சத்திலும் தொடக்கப் பள்ளியைத் தாண்டி மேலே படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

புகையிலை எங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்கு முந்தைய வருடம், ஒரு வெளிநாட்டுக்காரரால். அப்பாவின் கம்பெனிக்குச் சரக்கைப் பார்க்க வந்த அவர், பேக்கிங் ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பைப், அதாவது சுங்கான், பிடித்திருக்கிறார். பீடியைத் தவிர வேறெதையும் அறியாத அப்பா அந்தப் புகையை மோந்து கிறங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி ஜெனி, கிறிஸ்மசுக்கு முந்துன நாள் பேக்கரி பக்கமா போனா ஒரு வாசம் வரும்லா, அதே வாசம். பொகையில எப்படிட்டி கேக்கு வாசம் வரும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சும்மா இருங்க. பொகைன்னா பொகைதான். நீங்க பீடி குடிச்சா எனக்குத் தலவலி வரும், அவுக குடிச்சா கேக்கு வருமாக்கும்" என்றார் அம்மா.

எனக்கும் அது எப்படி என்று தெரிய வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பக்கத்திலிருந்த 'பிரவுசிங் சென்டரில்' உட்கார்ந்து ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். பல வகை இலைகளைக் கலப்பார்களாம். இனிப்பு நீர் தெளித்து ஊறவைப்பார்களாம். பிறகு பாரம் ஏற்றிச் செங்கல் மாதிரிப் பாளமாக அழுத்தி, மிதமான சூட்டில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் இலையின் காரம் அடங்கி வாசம் எழுந்து வருமாம். படித்ததை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவுதானா? அழுத்திக் கெட்டுதது நம்ம வேலையில்லா?" என்பதுதான்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று எங்களுக்கு உண்டாயிற்று. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் மாமனார் மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் புகையிலை போட்டிருந்தார். அங்கிருந்து இலை வந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கறுத்த இலை கடையில் கிடைத்தது. நடு நரம்பை உருவி எடுத்து, கருப்பட்டியைக் கரைத்த நீரைத் தெளித்து, ஈரத்துணியில் மூடி வைப்போம். ஆரஞ்சுத் தோல், ஏலக்காய்த் தோல் என்று அப்பா எதையாவது கொண்டுவந்து போடுவார். கேக்குக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த திராட்சையும் ஒருமுறை அதில் போனது; அந்த வருடத்துக் கேக்கில் திராட்சையைத் தேட வேண்டியிருந்தது. ஜாக்கி ஒன்றைப் பழைய லாரிச் சாமான் கடையில் வாங்கி, வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, அதற்குள் ஜாக்கியை நிறுத்தி இலையை அழுத்தினோம். சுங்கானுக்கு அப்பா திருமுருகன்பூண்டிக்குப் போனார். அங்கே சிற்பப் பட்டறையில் இருந்த சிநேகிதர் ஒருவர் மாக்கல்லில் ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தார். பார்ப்பதற்கு யானையின் துதிக்கை மாதிரி அழகாக இருந்தது. பற்றவைத்து நான்கு இழுப்பு இழுத்ததும் கல் முழுக்கச் சூடேறி உதடு வெந்துபோனது. "பிள்ளையாருக்குச் செய்யுத கை, மனுச வாய்க்கு ஒத்துவருமா?" என்று அம்மா சிரித்த சிரிப்பு முற்றம் வரை கேட்டது. பிறகு பழைய சாமான் சந்தையில் மரத்தில் ஒன்று கிடைத்தது.

இந்த வேலையில் என் பங்கு மூக்கு. அப்பாவின் மூக்கைப் பீடி கெடுத்திருந்தது. அம்மாவின் மூக்கைப் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. எனவே எது கூடுதல், எது குறைவு என்று சொல்ல நான் வேண்டியிருந்தது. முதல் பாளத்தை அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பனியன் துணியில் சுற்றி அழுத்தினார். பிரித்தபோது இலை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் சலவைப் பவுடர் வாசம். துணியை மெதுமெதுப்பாக்கச் சாயப்பட்டறையில் போடுகிற 'சாஃப்ட்னர்' இலைக்குள் இறங்கியிருந்தது. அடுத்த முறை சாயப்பட்டறைக்கே போகாத கோரா துணி கொண்டுவந்தார். அதில் பின்னல் மெஷினின் எண்ணெய் வாசம். கோரா துணியை வெந்நீரில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, அதில் சுற்றிய மூன்றாவது பாளம்தான் புகையிலை மாதிரி இருந்தது. ஊர் முழுக்கப் பனியன் துணி நடுவே வாழ்கிற நாங்கள், துணிக்கு இத்தனை வாசம் உண்டு என்பதைப் புகையிலையை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். நிறைய நேரம் மோந்தால் மூக்கு மரத்துவிடும். அப்போது சட்டைக்கையை விலக்கிச் சொந்த முழங்கை மடிப்பை மோந்தால் மூக்குக்கு உணர்வு திரும்பிவிடும் என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தற்செயலாகக் கண்டுகொண்டேன்.

புகைபிடிப்பதை நல்லது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்பாவின் இருமல் எங்கள் வீட்டில் கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. "நான் குடிக்கதுக்கா இதைச் செய்யுதேன்? வாசத்துக்குத்தானட்டி" என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருந்தது, பாளம் செய்யும் மும்முரத்தில் பீடி குறைந்தது. அதனால்தான் அம்மாவும் பொறுத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஒன்றுதான் குறை: அந்த மிதமான சூடு. வெயிலில் வைத்தால் காய்ந்தது. அடுப்பருகே வைத்தால் கருகியது. அப்போதுதான் அப்பாவின் கண் ஓனரக்காவின் பாய்லர் மேல் விழுந்தது. கம்பெனியின் கடைசி அறை அயர்ன் அறை. அதன் மூலையில் ஆவிக்கான சின்ன பாய்லர். அதன் பின்பக்கத்து அலமாரி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மா செக்கிங் ஹாலைக் கூட்டிப் பூட்டுகிற நேரம் பார்த்து, அழுத்திய பாளத்தை மரப்பெட்டியில் வைத்து, மூடியின் மேல் கம்பெனிப் பெட்டிகளுக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக் பட்டையை இழுத்துப் போட்டு, பாய்லரின் பின்னால் வைத்துவிட்டு வந்தார். "என் கெட்டு அவுராது" என்றார். அது பொய்யில்லை. கப்பலேறி எந்த நாட்டுக்குப் போனாலும் அவர் கட்டிய பெட்டி அவிழ்ந்ததாகப் புகார் வந்ததில்லை. ஆனால் கப்பலில் பாய்லர் பக்கத்தில் பெட்டியை வைக்க மாட்டார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அவசரச் சரக்கு என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அரைநாள் அயர்ன் ஓடியது. அயர்ன் ஆட்கள் போகும்போது, ஆடிக் காற்றில் புழுதி பறந்து வெள்ளைத் துணியில் படியாமலிருக்க, எல்லா ஜன்னலையும் இறுக்கி அடைத்துவிட்டுப் போனார்கள். பாய்லரின் சூட்டில் பிளாஸ்டிக் பட்டை இளகியது. அழுத்தம் விட்டதும் பாளம் மாவு உப்புவதுபோல உப்பி மூடியைத் தள்ளித் திறந்தது. கருப்பட்டியும் திராட்சையும் திண்டுக்கல் இலையும் சேர்ந்த அந்த வாசம், அடைத்த அறைக்குள் மறுநாள் காலை வரை தனியாக உலாவியது. அலமாரிகள் நிறைய இருந்ததோ அயர்ன் முடித்து அடுக்கிய 'பாபா சூட்'. பிறந்த குழந்தைகளுக்கான உடுப்பு.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிச் சீருடையில் நின்றபோது முற்றத்திலிருந்து ஓனரக்காவின் குரல் வந்தது.

"அந்தோணியண்ணா! ஏனுங், இங்க கொஞ்சம் வர்றீங்களா!"

அவர் கையில் உள்ளங்கை அகலத்தில் ஓர் உடுப்பு, மார்பில் மஞ்சள் வாத்துப் படம். மறுகையில் எங்கள் பெட்டி.

"இத மோந்து பாருங்க. பொறந்த கொழந்தைக்குப் போடறதுங்க இது. இதப் போட்டுக்கிட்டா அந்தக் கொழந்த பாலுக்கு அழுவுமா, பீடிக்கு அழுவுமா?"

"இறுக்கிக் கெட்டித்தான்க்கா வச்சேன்..." என்றார் அப்பா.

"கட்டுனது தெரியுதுங்க. யாரக் கேட்டு வெச்சீங்க?"

கதவருகே நின்றிருந்த அம்மா, "தப்புதான்க்கா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். ஓனரக்கா பெட்டியைத் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் வைத்தார். குரல் உயரவே இல்லை.

"நாளைக்கு அந்தக் கம்பெனில இருந்து செக்கிங்குக்கு வர்றாங்க. சரக்கு தள்ளிப் போட்டாங்கன்னா அடுத்த ஆர்டர் எனக்கு இல்லீங்க, இங்க தெக்கிறவங்களுக்கும் வேலை இல்லீங்க. நீங்க அடுத்த மாசம் ஊட்டக் காலி பண்ணிக்குங்க. அக்காவும் வேற பக்கம் வேலை பாத்துக்கட்டுங்க. கோவத்துல சொல்லலீங்க. முடிவாச் சொல்றனுங்க."

கொங்குப் பக்கத்தில் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதற்கும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அந்த மரியாதையில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லை என்பது இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்ததும் பேச்சு என்னைப் பற்றியதாக மாறியது. வீடும் அம்மாவின் வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன. ஒன்று போனால் இரண்டும் போகும். ஓனரக்கா வெளியே அனுப்பிய குடும்பத்துக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் வீடு தர மாட்டார்கள். என் பள்ளி அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

"பிள்ளைய ஊர்ல எங்க அக்கா வீட்ல விட்ருவோம்" என்றார் அப்பா.

"நடு வருசத்துல அங்க பள்ளிக்கூடத்துல சேப்பாவளா?"

"சேக்கலைன்னா?"

அம்மா என்னைப் பார்க்காமல், "போற எடத்துல என்கூட செக்கிங்குக்கு வரட்டும். ஒரு வருசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

என்னை ஒருநாள்கூடக் கம்பெனிக்குள் உட்கார வைக்காதவர் அம்மா. விடுமுறையில் நூல் கத்தரிக்க வருகிறேன் என்றாலும் "போயிப் படி" என்று விரட்டுகிறவர். ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று போனவர்கள் எங்கள் லைன் வீடுகளிலேயே இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படிப் போனவர்தான், அவர் குழந்தை அப்போது நடக்கத் தொடங்கியிருந்தது. புத்தகப்பையைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்தைக் கடந்து அயர்ன் அறைக்குப் போனேன்.

அங்கே ஓனரக்கா இரண்டு தையல்காரப் பெண்களோடு துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாய்லர் பக்கத்து அலமாரிகளில் இருந்ததைத் துவைக்க அனுப்பிவிட்டு, எதிர்ச் சுவர் அலமாரிகளில் இருந்ததை அப்படியே கொடுத்துவிடலாம் என்று கணக்கு. எல்லாவற்றையும் துவைக்க நேரமும் இல்லை, துவைத்தால் அளவு சுருங்கும் என்ற பயமும் இருந்தது.

"அக்கா, அப்படிப் பிரிச்சாச் சரி வராதுங்க" என்றேன். "எதுல வாசம் இருக்குன்னு நான் மோந்து சொல்றனுங்க."

"பொகையிலைய வெச்சதும் நீங்களே, மோந்து பாக்கறதும் நீங்களேவா? நல்லா இருக்குதே!" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள்.

ஓனரக்கா சிரிக்கவில்லை. "எனக்கே இப்ப எதுல அடிக்குது எதுல அடிக்கலன்னு தெரியல. உள்ளுக்குள்ளயே நின்னு நின்னு மூக்கே செத்துப்போச்சு. நீ எப்படிச் சொல்லுவ?"

"பரீட்ச வெச்சுப் பாருங்க."

என்னை முற்றத்துக்குப் போகச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டபோது மேஜையில் சில உடுப்புகள் வரிசையாக இருந்தன. "இதுல ஒண்ணு பாய்லர்ப் பக்கத்துது. மத்ததெல்லாம் எதிர்ச் சுவத்துது. எதுன்னு சொல்லு கண்ணு."

ஒவ்வொன்றாக எடுத்து மோந்தேன். நடுவில் நிறுத்தி முழங்கை மடிப்பை மோந்துகொண்டேன். "ஏம்புள்ள, உன்னையே நீ மோந்துக்கற? குளிச்சயா இல்லயான்னு பாக்கறயா?" என்றாள் அந்தப் பெண். பாய்லர் பக்கத்து உடுப்பு உடனே தெரிந்தது. அதைத் தள்ளி வைத்தேன். வரிசையின் கடைசிக்குப் போனபோது மறுபடியும் அதே கருப்பட்டி வாசம், மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல்.

"ரெண்டு இருக்குதுங்க."

"ஒண்ணுதான் வெச்சேன்."

"ரெண்டுங்க."

"நான் என்ற கையால வெச்சேங் கண்ணு. ஒண்ணுதான்."

ஒன்று என்று ஒத்துக்கொண்டிருந்தால் சோதனையில் நான் ஜெயித்தவள். ஆனால் அந்த இரண்டாவது உடுப்பில் புகையிலை இருந்தது. "நீங்க வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, இத மோந்து பாருங்க" என்றேன்.

ஓனரக்கா முற்றத்துக்குப் போனார். ஆடிக் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்து அந்த உடுப்பை எடுத்து மூக்கோடு அழுத்தினார். அது எதிர்ச் சுவரின் மேல் அலமாரியிலிருந்து அவரே எடுத்து வைத்தது. சூடான காற்று மேலே ஏறிக் கூரை ஓரமாகவே போய், அந்தப் பக்கத்து மேல்தட்டில் இறங்கியிருக்கிறது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அலமாரிக் கணக்கில் பிரித்துக் கொடுத்திருந்தால், சுத்தம் என்று நம்பிக் கொடுத்த பெட்டிகளே மறுநாள் நாறியிருக்கும்.

அவர் உடுப்பைக் கீழே வைத்தார். சிரித்தவளைப் பார்த்து, "போயி எல்லா ஜன்னலையும் தொறந்து உடு. அந்தக் கோரா துணிய நனைச்சு ஜன்னல்ல கட்டு, புழுதி வரக்கூடாது" என்றார். என்னிடம், "பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கு லீவு சொல்லிப்போடு" என்றார்.

அன்று முழுக்க மோந்தேன். அறையில் மூக்கு மரத்துவிடும் என்பதால் துணியைக் கட்டுக்கட்டாக முற்றத்தின் மறைவான மூலைக்கு எடுத்து வந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்ட, நான் மோந்து சொல்ல, அப்பா அதைக் குவியலில் சேர்த்தார். வாசமே இல்லாதது ஒரு பக்கம். லேசாக இருப்பது ஒரு பக்கம். ஊறிப்போனது ஒரு பக்கம். லேசாக இருந்ததைத் தையல் ஹாலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு எல்லா மின்விசிறியையும் ஓடவிட்டார்கள். ஹால் முழுக்கக் குட்டிக் குட்டி உடுப்புகள் காலும் கையும் ஆட, ஒரு பிள்ளைக்கூட்டமே பறப்பதுபோல இருந்தது. மதியத்துக்கு மேல் அவற்றைத் திரும்ப ஆவி காட்டி மறுபடி மோந்தேன். ஊறிப்போனதை மட்டும் துவைக்கக் கொடுத்தார்கள். அது பயந்த அளவுக்கு அதிகமில்லை. இடையில் ஓனரக்கா வந்து எனக்கும் அப்பாவுக்கும் டீ வைத்துவிட்டுப் போனார். அப்பாவும் வேலைக்கு லீவு சொல்லியிருந்தார், அன்று ஒரு பீடிகூடப் பற்றவைக்கவில்லை. புகை வாசம் பிள்ளையின் மூக்கைக் கெடுத்துவிடும் என்று அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் வந்தார். நான் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் தெரு முனையிலேயே அம்மா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அந்த ஆள் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தாராம். ஓர் உடுப்பில் பட்டன் கோணலாக இருக்கிறது என்றாராம். மற்றபடி சரக்கை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம்.

வீட்டுக்கு வந்தபோது ஓனரக்கா முற்றத்தில் அப்பாவோடு நின்றிருந்தார். "ஊட்டக் காலி பண்ணச் சொன்னனுங்களே, அத உட்டுப்போடுங்க. அக்காவும் எப்பவும்போல செக்கிங்குக்கு வரட்டுங்க. ஆனா இந்தக் காம்பவுண்டுக்குள்ள இனிப் பொகையிலை ஒரு துண்டு இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுரும், எங்கிட்டச் சொல்லிப்போடும்" என்று என்னைக் காட்டினார். அப்பா தலையாட்டினார். ஓனரக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து சாயப்பட்டறையில் இருந்து வருகிற துணியில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். மண்ணெண்ணெய், மழைத் தண்ணீர்ப் பூசணம், கூடுதல் சாஃப்ட்னர் என்று ஒவ்வொன்றாக எனக்கு அடையாளமாயிற்று. வேதியியல் பாடத்தில் எழுத்தாகப் படித்த பெயர்களுக்கு வாசம் வந்ததும், பாடம் எனக்கு எளிதாகிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பை அதே பள்ளியில் முடித்தேன். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் நெசவு வேதியியல் படித்தேன். படித்து முடித்ததும் அவிநாசி ரோட்டில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. துணித் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துச் சூடேற்றி, திறந்து மோந்து, வாசத்துக்கு மதிப்பெண் போடுவது அங்கே ஒரு முறையான சோதனை. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு மட்டும் அது புதிதாக இல்லை. நாங்கள் மோந்து போடுகிற மதிப்பெண்ணை வைத்து, கப்பலேற வேண்டிய சரக்கு நிற்பதும் உண்டு.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. இடித்துவிட்டுக் கம்பெனியை நீட்டிக் கட்டிவிட்டார்கள். பாய்லர் இருந்த மூலையில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இந்தியில் பேசிக்கொண்டு தைக்கிறார்கள். ஜாக்கி இரும்புக் கடைக்குப் போனது. மருத்துவர் சொன்னதற்கு அப்புறம் அப்பா பீடியையும் சுங்கானையும் சேர்த்தே விட்டார். விட்ட பிறகு சோற்றின் வாசம் தெரிகிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆச்சரியப்பட்டார். ஓர் ஏக்கமும் எனக்கு இல்லை. அந்த வாசம் மட்டும், எப்போதாவது பேக்கரி பக்கம் போகும்போது, இரண்டு நிமிஷம் நின்று போகச் சொல்லும்.

பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒரு கேள்வி விடை கிடைக்காமலே இருந்தது. ஒரே வாசம், ஒரே சூடு. ஒரு பருத்தித் துணியிலிருந்து மின்விசிறிக் காற்றில் போய்விடுகிறது, இன்னொன்றில் துவைத்தாலும் தங்குகிறது. ஏன்? சோதித்துச் சொல்வதற்கு எங்களுக்கு முறை இருந்தது. காரணம் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அதைத் தேட ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஒரு பேராசிரியர், இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்கள் அப்பா புகையிலை செய்தார் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சென்னையில் இடம் கிடைத்தது.

என் பெற்றோரின் வாழ்க்கையில் ஒவ்வொரு வீடு மாறுதலும் யாரோ சொல்லி நடந்தது. ஊரில் மழை இல்லாமல் போனதால், வாடகை ஏறியதால், வீட்டை இடிக்கப் போவதால். சென்ற வாரம் நான் சென்னைக்கு வந்தேன். திருப்பூர் ரயில் நிலையத்தில் அம்மா, "யாரும் உன்னப் போகச் சொல்லலையே, நீயாத்தான போற?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டார். நானாகத்தான் போகிறேன் என்றேன். "அப்பம் சரி" என்று பெட்டியை என் கையில் கொடுத்தார். இதை விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டணம் கட்டியாயிற்று, ஆய்வகச் சாவி கையில் இருக்கிறது, முதல் குடுவைகளில் துணியைப் போட்டு இன்று மதியம்தான் மூடி வைத்தேன்.